வருகைப் பதிவு

திங்கட்கிழமையிலிருந்து நீ மொச்சை இல்லை.
ஆறு வருசமாய் அந்தப் பெயருக்குத்தான் திரும்பினாய்,
சோற்றுக்கு, குளிக்க,
லோரிக்கு அடியில் போகாதே என்ற கத்தலுக்கு.
பிறப்புப் பத்திரத்தில் வேறொருத்தி இருக்கிறாள்.

தேன்விழி என்றுதான் சொன்னேன்,
குளுவாங் பதிவு அலுவலகத்தில்.
கவுண்டருக்குப் பின்னால் இருந்தவருக்குப் பசி போலும்,
இரண்டு எழுத்தை விழுங்கிவிட்டார்.
தாளில் நீ தென்விலி.
தமிழ் டீச்சர் ஒன்று சொல்வார்,
மலாய் டீச்சர் இன்னொன்று சொல்வார்.
எது காதில் விழுந்தாலும் கையைத் தூக்கு.
ஆறு வருசமாய் அதைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்,
அந்த இரண்டு எழுத்தை.

நேற்று ராத்திரி கேண்டீன் விளையாடினோம்.
நான் கல்லாவில்.
நாசி லெமாக் ஒன்று ஐம்பது,
இரண்டு வெள்ளி நீட்டினாய்,
முப்பது சென் கொடுத்தேன், வேண்டுமென்றே.
உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு
அங்கிள், இருபது சென் எங்க, என்றாய்.
கொடுக்கும் வரை நகரவில்லை.
பதினோரு வருசமாய்ச் செம்பனைக் குலை ஏற்றுகிறேன்,
மில்லில் எடை போடுகிறவனிடம்
ஒருநாளும் நான் அப்படி நின்றதில்லை.

அப்புறம் கழிவறை.
சிக்கு, போலே சாயா பெர்கி தண்டாஸ்.
பத்துத் தடவை ஒழுங்காய்ச் சொன்னாய்.
பதினோராவது தடவை
சொல்லாமலே ஓடினாய்.

டப்பா மூடி இன்னும் உனக்கு மசியவில்லை.
விளிம்பில் எண்ணெய் தடவியிருக்கிறேன்.
பினாஃபோரின் ஓரத்தை மடித்துத் தைத்தது நானேதான்.
உன் அம்மா பாலத்துக்கு அப்பால் நைட் ஷிப்ட்,
போன் திரையில் முகத்தை வைத்துக்கொண்டு
கோணல், கோணல் என்றாள்.
கோணலாகவே இருக்கட்டும்,
அடுத்த வருசம் பிரிக்கத்தானே போகிறோம்.

தோட்டத்திலிருந்து டவுனுக்கு இடம் மாறிய பள்ளி,
பெயரில் மட்டும் தோட்டம் இன்னும் போகவில்லை.
இந்த வருசம் ஒன்பது பேர், உங்கள் மகளோடு சேர்த்து,
என்றார் தலைமையாசிரியர்.
ஒன்பது என்னும்போது நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார்.
போன வருசம் ஆறாம்.

அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டாய் நீ.
ஞாயிறு சாயங்காலம், என் டிரிப் கணக்குப் புத்தகம்
உன் கையில் வருகைப் பதிவேடு.
பூனை. உள்ளேன் என்று நான் சொன்னேன்.
லோரி. ஹாரன் அடிக்கவேண்டியிருந்தது.
குக்கர், சிவப்பு விளக்கோடு ஆஜர்.
குணாளன். உள்ளேன் டீச்சர்.
லோகேஸ்வரி. வேலைக்குப் போயிருக்காங்க,
ஆனா லீவு லெட்டர் குடுக்கலை.
ரிஸ்கி.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது:
உள்ளேன் டீச்சர்!
ஹாரனைவிடச் சத்தமாய்.
சுமியாத்தியின் மகனுக்கு
இவ்வளவு தமிழ் வரும் என்று எனக்குத் தெரியாது.
உன்னைவிட நான்கு மாதம் மூத்தவன்.
இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவன்,
எந்தத் தாளிலும் இன்னும் பிறக்கவில்லை.
விழுங்குவதற்கு அவனுக்கு
ஓர் எழுத்துகூட இல்லை.

ரிஸ்கி எந்த வகுப்பு, அப்பா?

நான் சப்பாத்தின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
புதுக் கறுப்பு ஜோடி, ஒரு நம்பர் பெரிசு,
வருசம் முழுக்க வரவேண்டுமே.
நுனியில் பேப்பரைச் சுருட்டித் திணித்தும்
உனக்கு லொடலொடத்தது.
நீதான் கழற்றி அவனிடம் கொடுத்தாய்.
பேப்பரை எடுத்துப் போட்டுவிட்டு
அவன் காலை விட்டான்.

அளவெடுத்தது மாதிரி.

வாசலுக்கும் லோரிக்கும் நடுவே
நிமிர்ந்து, கைவீசி, நான்கு முறை நடந்தான்.
இன்னும் ஒரு தரம், என்றாய் நீ.
பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.
மண்ணில் மிதிக்காதே என்று
நான் சொல்லவேண்டிய நேரம் அது.
சொல்லவில்லை.